நடுவூரில் வீடு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, எனக்கு ஒரு நகரத்தில் வேலை, கணவருக்கு 120 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு நகரத்தில். நான் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. அவர் மருத்துவமனை ஆய்வகத்தில். ஐந்து நாளும் நேரில் போக வேண்டும், சில சமயம் இரவிலும் கூப்பிடுவார்கள். மகளுக்கு நான்கு வயது, அடுத்த வருடம் பள்ளியில் சேர்க்க வேண்டும். இப்போது நானும் மகளும் என் நகரத்தில் இருக்கிறோம். அவர் அங்கே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை வந்து போகிறார். இரண்டு நகரத்துக்கும் சரிபாதியில் ஒரு சிறிய ஊர். அங்கே பெரிய வீடாக ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, முன்பணம் கொடுத்துவிடலாம் என்கிறார். 'நடுவில் இருந்தால் யாருக்கும் மனக்குறை இல்லை' என்பது அவர் வாதம். நியாயமாகத்தான் படுகிறது, ஆனாலும் ஏதோ உறுத்துகிறது. அவர் ஊருக்கே போய்விடலாம் என்றால், ஏன் எப்போதும் நானே விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது. (பெயர் வேண்டாம்)

பதில்: முன்பணத்தை மட்டும் இப்போது கொடுத்துவிடாதீர்கள். மற்றதை மெதுவாகப் பேசலாம்.

நானும் நடுவூரில் குடியிருந்தவள்தான். எனக்கு ஒரு பக்கம் கல்லூரி, அவருக்கு மறுபக்கம் தொழிற்சாலை. உங்கள் கணவர் சொல்லும் அதே வாசகத்தைச் சொல்லிக்கொண்டுதான் நாங்களும் போனோம். மூன்று வருடம் இருந்தோம். அந்த மூன்று வருடத்தில் அந்த ஊரின் கடைத்தெருவை வெளிச்சத்தில் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். காலையில் இருட்டில் இருவரும் கிளம்புவோம், ஆளுக்கொரு பிளாட்பாரம். எதிரெதிரே நின்று கையாட்டுவோம். முதல் மாதம் அது அழகாக இருந்தது. அப்புறம் யாருடைய ரயில் முதலில் வருகிறது என்று பார்ப்பதோடு சரி.

ஒரு நாள் காலை 10.40. வகுப்பு நடத்திக்கொண்டிருக்கிறேன். பையனுக்குக் காய்ச்சல், உடனே வந்து அழைத்துப்போங்கள் என்று பள்ளியிலிருந்து போன். அந்த நேரத்தில் எனக்கு ரயில் கிடையாது. அவரைக் கூப்பிட்டால் ஷிப்ட் முடியாமல் வெளியே வர முடியாது. கடைசியில் எதிர்வீட்டுப் பாட்டிதான் போய் அழைத்து வந்தார். நான் வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. பையன் பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருந்தான், ஒரு காலில் மட்டும் ஷூ. இன்னொன்றைக் கழற்ற பாட்டிக்கு மனம் வரவில்லையாம், எழுந்துவிடுவானோ என்று. சரிபாதி தூரம் என்றால் இருவருமே பாதி வழி தள்ளி இருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவசரத்துக்கு ஓடி வர அந்த ஊரில் எங்களில் ஒருவரும் இல்லை.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு கயிற்றின் இரு முனையிலும் இருவருக்கும் வேலை என்று வையுங்கள். கயிற்றில் எந்த இடத்தில் முடிச்சுப் போட்டாலும் கயிற்றின் நீளம் அதேதான். நீங்கள் எங்கே குடியிருந்தாலும் இருவருமாகச் சேர்ந்து ஒருவழிக்கு 120 கிலோமீட்டர் போயாக வேண்டும். நடுவில் போனால் தூரம் குறையும் என்பது கண்ணுக்குத் தோன்றுகிற மயக்கம். குறையாது, பங்கு பிரியும், அவ்வளவுதான்.

நேரத்தைப் பார்த்தால் இன்னும் மோசம். உங்கள் ரயில் நேரம் எனக்குத் தெரியாது, அதனால் என் பழைய அனுபவத்தை வைத்து ஒரு மாதிரிக் கணக்குப் போடுகிறேன். எண்களை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு 20 நிமிடம், காத்திருப்பது 10, ரயிலில் 50, இறங்கி அலுவலகம் போக 20. ஆக நடுவூரிலிருந்து ஒருவருக்கு 100 நிமிடம். நகரத்திலிருந்து நகரத்துக்கு என்றால் நிற்காமல் போகிற வண்டி இருக்கும். 120 கிலோமீட்டரை 80 நிமிடத்தில் கடந்துவிடும். முன்னும் பின்னும் அதே 50 நிமிடம் சேர்த்தால் 130. அந்த நகரத்திலேயே வேலை பார்ப்பவருக்கு 25 நிமிடம் போதும். நடுவூரில் இருந்தால் ஒருவழிக்கு இருவருக்கும் சேர்த்து 200 நிமிடம், ஏதாவது ஒரு நகரத்தில் இருந்தால் 155. காரணம் இதுதான்: ஸ்டேஷனுக்குப் போவது, காத்திருப்பது, இறங்கி மறுபடி ஒரு வண்டி பிடிப்பது, இந்தத் தண்டச் செலவெல்லாம் தூரம் குறைந்தால் குறையாது. நடுவூரில் அதை இருவருமே கட்டுகிறீர்கள். போதாததற்கு, வேகமான வண்டி அங்கே நிற்காது.

அடுத்தது நாட்கள். நீங்கள் வாரத்தில் மூன்று நாள் போகிறீர்கள், அவர் ஐந்து நாள். மேலே சொன்ன நிமிடங்களை வாரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். நடுவூர் என்றால் இருவருக்கும் சேர்த்து 26 மணி 40 நிமிடம். உங்கள் நகரம் என்றால் 24 மணி 10 நிமிடம். அவர் நகரம் என்றால் 17 மணி 10 நிமிடம். வாரத்துக்கு ஒன்பதரை மணி நேர வித்தியாசம், கிட்டத்தட்ட ஒரு முழு வேலைநாள்! இரவில் ஆய்வகத்திலிருந்து கூப்பிட்டால் ஓட வேண்டியவரும் அவர்தான்.

ஆகவே என் பதில்: ஒரு வருடத்துக்கு அவர் நகரத்தில், அவர் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பக்கத்தில், வாடகைக்கு வீடு பாருங்கள். வாடகைக்குத்தான், விலைக்கு வேண்டாம்.

உங்கள் கடைசி வரியை மறந்துவிடவில்லை. அதுதான் கடிதத்திலேயே முக்கியமான வரி. மூன்று நாளும் 130 நிமிடம் போய் 130 நிமிடம் திரும்பி, அதன்பிறகு வீட்டுக் கதவைத் திறந்ததும் பாத்திரமும் வீட்டுப்பாடமும் உங்களுக்காகக் காத்திருந்தால், நான் சொன்ன கணக்கைக் கிழித்துப் போடுங்கள். 2011-ல் ஜெனிஃபர் ராபர்ட்ஸும் அவருடைய சகாக்கள் இருவரும் பிரிட்டன் குடும்பங்களின் தரவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேலைக்குப் போய்வரும் பயணம் பெண்களின் மனநலத்தைப் பாதிக்கிறது, ஆண்களிடம் அப்படிப் பாதிப்பு தெரியவில்லை என்பது அதன் முடிவு. பெண்களுக்கு வேலை நேரம் குறைவு, பதவி சிறியது என்பதையெல்லாம் வைத்து இதை விளக்க முடியவில்லை. குழந்தையும் வீட்டுவேலையும் பெரும்பாலும் அவர்கள் தலையில் இருப்பதுதான் காரணமாக இருக்கும் என்கிறார்கள். இதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். 'இதற்கு ஆய்வு வேறு வேண்டுமா' என்றார். அவர் அப்படிச் சொன்னதே முன்னேற்றம்.

அதனால் நிபந்தனையோடு போங்கள். நீங்கள் ரயில் ஏறும் மூன்று நாளும் காலையும் மாலையும் முழுக்க அவர் பொறுப்பு. 'உதவி' செய்வதாக இல்லை, பொறுப்பாகவே. மகளை எழுப்புவது, பள்ளி டைரியில் கையெழுத்து, சாயங்காலம் அழைத்து வருவது எல்லாம். இரவுப் பணி வந்தால் யார் வீட்டில் இருப்பார்கள் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். சிரிப்பாக இருக்கும், எங்கள் வீட்டில் பீரோக் கதவின் உள்பக்கம் எட்டு வருடம் ஒட்டியிருந்தது.

பெரிய வீடு என்ற ஆசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தூரம் அதிகமானாலும் வீடு விசாலமாகக் கிடைக்கிறதே, அது சரிக்கட்டிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பொருளாதாரப் பாடமும் அப்படித்தான் சொல்கிறது. அலாய்ஸ் ஸ்டட்ஸர், புருனோ ஃப்ரை என்ற இருவர் ஜெர்மனியில் பல வருடத் தரவுகளை எடுத்துச் சரிபார்த்தார்கள். பயண நேரம் கூடக்கூட மக்கள் தங்கள் வாழ்க்கைக்குத் தரும் மதிப்பெண் குறைந்துகொண்டே போனது. கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ அதை ஈடுகட்டவில்லை. கூடம் தினமும் பார்க்கிற பொருள், இரண்டு வாரத்தில் பழகிவிடும். ரயில் தாமதம் அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகவே எரிச்சல் தரும்.

ஒரு வருடம் என்று ஏன் சொன்னேன்? இரண்டு நகரங்களில் இருவருடைய தொழிலுக்கும் அதிக இடங்கள் உள்ளது எது என்று அந்த ஒரு வருடத்தில் பாருங்கள். ஆய்வகம் இல்லாத நகரம் இல்லை. மென்பொருள் நிறுவனங்கள் எல்லா ஊரிலும் இருப்பதில்லை. உங்கள் நகரம்தான் பெரியது என்றால், அவர் அங்கே விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருக்கட்டும். அமெரிக்காவில் டோரா கோஸ்டா, மாத்யூ கான் இருவரும் 2000-ல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது. அங்கே கல்லூரி படித்த தம்பதிகளில் பெருநகரங்களில் குடியிருந்தவர்கள் 1940-ல் 32 சதவீதம், 1990-ல் 50 சதவீதம். இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை கிடைக்க வேண்டும் என்ற நெருக்கடிதான் அதற்குப் பெரிய காரணம் என்கிறார்கள். நடுவூரில் உங்கள் இருவருக்குமே அடுத்த வேலை இல்லை. அங்கே வீடு வாங்குவது என்றால் இரண்டு பேரையும் ரயிலில் நிரந்தரமாக ஏற்றிவிடுவதுதான்.

இது விட்டுக்கொடுப்பதா என்றால், ஆமாம், இந்த வருடம் நீங்கள் கொடுக்கிறீர்கள். அதை அவர் வாயால் சொல்ல வையுங்கள்.

கேள்வி: நாங்கள் சேர்ந்து குடியிருக்கவே முடியாத தூரம், வாரக் கடைசியில் மட்டும் சந்திக்கிறோம். இப்படியே போனால் பிரிந்துவிடுவோம் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: நண்பர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது தம்பி. ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் எரிகா சாண்டோ என்பவர் நீண்ட தூரம் வேலைக்குப் போய்வருபவர்களின் குடும்பங்களை ஆராய்ந்தார். மற்ற தம்பதிகளைவிட இவர்கள் பிரிவது அதிகம் என்று கண்டார். ஆனால் முதல் சில வருடங்கள்தான் கடினம், அதைத் தாண்டியவர்கள் பழகிவிடுகிறார்கள் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. அதை உங்கள் நண்பர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு முடிகிறது? எங்களுக்கும் ஒரு வருடம் இப்படிப் போனது. மாலை ஏழு மணி ரயிலுக்கு மூன்று மணிக்கே அவர் முகம் மாறிவிடும். பையை எடுத்துவைப்பார், திரும்பப் பிரிப்பார், சார்ஜர் எங்கே என்பார். அதில் சண்டை வரும். பிறகு திங்கள் விடிகாலை வண்டிக்கு மாற்றினோம். தூக்கம் போனது உண்மைதான், ஆனால் ஒரு முழு மாலை திரும்பக் கிடைத்தது. முடிந்தால் மாற்றிப் பாருங்கள். இன்னொன்று, எப்போதும் ஒருவரே பயணம் செய்யாதீர்கள். மாதத்தில் ஒரு முறையாவது மற்றவர் போகட்டும். எதிராளி எந்த ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி: காரில் 70 நிமிடம், ரயிலில் 95 நிமிடம். எதை வைத்து வீட்டை முடிவு செய்வது?

பதில்: இரண்டையும் நம்பாதீர்கள். ஒரு சிறிய நோட்டு வாங்கி, தினமும் பூட்டில் சாவி நுழைந்த நேரத்தை மட்டும் எழுதுங்கள், ஒரு மாதம். நான் 'சராசரி ஒன்றே முக்கால் மணி' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டைப் பார்த்தால் அந்த ஒன்றே முக்கால் மணியில் நான் வந்து சேர்ந்தது மாதத்தில் ஆறு நாள். மோசமான நாள் மூன்று மணி 20 நிமிடம். பிள்ளையை யார் அழைத்து வருவது என்ற கேள்வியைத் தீர்மானிப்பது அந்த மோசமான நாள்தான். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் தூங்கலாம், படிக்கலாம். நான் பாதி விடைத்தாள்களை ரயிலில்தான் திருத்தினேன். ஸ்டியரிங்கைப் பிடித்த கை வேறு எதையும் செய்யாது. நின்றுகொண்டே போகிற ரயில் என்றால் அது வேறு பேச்சு.

கேள்வி: புது ஊருக்குக் குடிபோகும் முன் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

பதில்: விடுமுறை நாளில் காரில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். இரண்டு வாரம் ஓர் அறை எடுத்துத் தங்கி, அங்கிருந்து வேலைக்குப் போய்ப் பாருங்கள், முடிந்தால் மழை நாட்களில். மாலை கடைசிக்கு முந்தைய வண்டியில் இறங்கி, ஸ்டேஷனிலிருந்து அந்த வீடு வரை ஒரு முறை தனியாக நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா என்று அப்போதுதான் தெரியும்.