ஒரு டேபில் பக்கம் முடிந்த பிறகுதான் அடுத்த டேபில் ஓடுகிறது, எழுதியதை உடனே அனுப்பச் சொல்லும் ஃபிளஷ் போட்டும் எல்லாம் கடைசியில் மொத்தமாக வருகிறது. சர்வர் ஒரு நேரத்தில் ஒரு ரிக்வஸ்ட்டைத்தான் கவனிக்குமா?

இல்லை. நீங்கள் செய்த சோதனையில் அகப்பட்டது பெரும்பாலும் சர்வராக இருக்காது. சைட் பிஎச்பி மொழியில், முன்னால் ரிக்வஸ்ட்டை வாங்கும் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், பின்னால் பிஎச்பி ஸ்கிரிப்ட்டை ஓட்டும் எஃப்பிஎம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்லீப் (சில நொடி சும்மா காத்திருக்கும் கட்டளை) வைத்த பக்கத்தைக் குரோமில் இரண்டு டேபில் திறந்து பார்த்திருக்கிறீர்கள். அநேகமாக இதற்குள் யாராவது "பெரிய மெஷின் வாங்கிடலாமா" என்று கேட்டிருப்பார்கள். வாங்காதீர்கள். ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஆபீசில் வாங்கினார்கள்.

அப்போது கிண்டி எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். பாரிமுனையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்திருந்தோம். மாதக் கடைசியில் அவர்கள் கணக்கர் ஸ்டாக் ரிப்போர்ட்டைத் தட்டினால் அது வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை அவரால் வேறு எந்தப் பக்கத்தையும் திறக்க முடியாது, பில் கூடப் போட முடியாது. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு மட்டும் எல்லாம் வழக்கம்போல ஓடும். கணக்கர் போனில் இதைத் தெளிவாகத்தான் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

எங்கள் டீம் லீட் அப்பாச்சி பெஞ்ச் என்ற சுமை சோதனைக் கருவியை எடுத்து, ஒரே நேரத்தில் ஐம்பது ரிக்வஸ்ட் விட்டுப் பார்த்தார். ஜோராக ஓடியது. முதலில் 'உங்க நெட்வொர்க்கைப் பாருங்க' என்றார்கள், அப்புறம் 'ரேம் பத்தவில்லை' என்றார்கள். பெரிய மெஷின் வந்தது, செலவு வியாபாரி தலையில். கணக்கருக்கு மட்டும் அதே நிலைமை. இது செஷன் லாக், அதாவது செஷன் பூட்டு என்று நான் முதலிலேயே சொன்னேன். "நீ ஸ்கிரீன் டிசைனைப் பாரு" என்று பதில் வந்தது.

லாகின் ஆனவர் யார் என்பது போன்ற விவரங்களை, அதாவது செஷனை, பிஎச்பி சாதாரணமாக ஒரு ஃபைலில் வைக்கிறது. செஷன் ஸ்டார்ட் ஆனதும் அந்த ஃபைலைப் பூட்டும். ஸ்கிரிப்ட் முடியும்போதுதான் திறக்கும். ஒரே பிரவுசர், ஒரே குக்கி (பிரவுசர் அனுப்பும் அடையாளச் சீட்டு) என்றால் ஒரே ஃபைல். ரேஷன் கடையில் ஒரே கார்டை வைத்துக்கொண்டு வீட்டில் இரண்டு பேர் போய் நின்ற மாதிரி. அப்பாச்சி பெஞ்ச் நாமாகக் கொடுக்காவிட்டால் குக்கி எதையும் அனுப்பாது. ஐம்பது ரிக்வஸ்ட்டுக்கும் ஐம்பது புது செஷன். அப்புறம் எங்கே பூட்டு தெரியும்? லாகினான குக்கியைக் கூடவே கொடுத்து ஓட்டிக் காட்டினேன், வரிசை கட்டி ஒவ்வொன்றாக வந்தது.

தீர்வு ஒரே வரி. ரிப்போர்ட் பக்கத்தில் யூசர் யார் என்று படித்தவுடன் செஷன் ரைட் குளோஸ் கூப்பிட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு செஷனில் எழுதுவது எதுவும் சேமிக்கப்படாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெறுமனே படிக்கத்தான் என்றால் பிஎச்பி 7.0 முதல் செஷன் ஸ்டார்ட்டிலேயே 'ரீட் அண்ட் குளோஸ்' என்று கேட்கலாம். இவ்வளவுக்கும் வியாபாரிக்குப் போன மெயிலில் 'சர்வர் ஆப்டிமைசேஷன்' என்று இருந்தது, லீட் பெயரில். பெரிய மெஷினைத் திருப்பிக் கொடுத்தார்களா என்று கேட்காதீர்கள்.

அதே கம்பெனி பிறகு சிறுசேரிக்கு மாறியது. மெட்ரோ வேலைக்காகச் சாலையை நறுக்கி வைத்திருந்த ஓஎம்ஆரில், சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றபடியே நான் ராஜினாமாவை யோசித்தேன். வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்றால், 'டீம் ஒற்றுமை' கெடுமாம். சரி, அது உங்கள் கேள்வி இல்லை.

உங்கள் சோதனையில் சந்தேகப்பட இன்னொரு இடமும் உண்டு. ஒரே முகவரியை இரண்டு டேபில் திறந்தால், முதல் பதிலை கேஷில் (பிரவுசரின் தற்காலிகச் சேமிப்பில்) வைக்கலாமா என்று பார்க்க குரோமே இரண்டாவதை நிறுத்தி வைக்கும். அது சர்வருக்கே வந்திருக்காது. முகவரிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டு, டேபுக்கு ஒரு எண்ணாகக் கொடுத்துப் பாருங்கள். ஓடினால் பிரவுசர் செய்த வேலை. அப்போதும் காத்திருந்தால் செஷன் பக்கம் திரும்புங்கள். ஸ்கிரிப்ட்டில் செஷன் ஸ்டார்ட்டுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை நேரத்தை ஒரு ஃபைலில் எழுதுங்கள். இரண்டு ரிக்வஸ்ட்டின் முதல் நேரமும் ஒட்டியிருந்து, இரண்டாம் நேரம் மட்டும் தள்ளியிருந்தால் பூட்டுதான்.

நிறைய டேப் திறந்து சோதிப்பவர்களுக்கு: எச்டிடிபி 1.1-ல் குரோம் ஒரு சர்வருக்கு 6 இணைப்புதான் திறக்கும். எஃப்பிஎம்முடன் வரும் மாதிரி கான்ஃபிக்கில் மேக்ஸ் சில்ரன் (ஒரே நேரத்தில் ஓடும் வொர்க்கர்களின் உச்சவரம்பு) 5. ஆறாவதில் நின்றால் எஃப்பிஎம் வரம்பு, ஏழாவதில் நின்றால் குரோம் வரம்பு. பிரவுசரை விட்டுவிட்டு டெர்மினலில் கர்ல் என்ற கட்டளையை வைத்துச் சோதித்தால் இந்தக் குழப்பமே இல்லை. பிஎச்பி கூடவே வரும் குட்டி சர்வரில் ஓட்டிவிட்டு சர்வரைத் திட்டாதீர்கள், அது இயல்பில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்க்கும். "நோடுக்கு (ஜாவாஸ்கிரிப்ட் சர்வர்) மாறு" என்று இங்கே வரப்போகிறவர்களே, தெரியும். கேட்டவர் பிஎச்பியில் இருக்கிறார்.

ஃபிளஷ் விஷயம் தனி. எழுத்து பல இடத்தில் தேங்கும். பிஎச்பியுடன் தரும் மாதிரி ஐஎன்ஐ (செட்டிங்) ஃபைல்களில் அவுட்புட் பஃபரிங், அதாவது தேக்கி வைக்கும் அளவு, 4096 பைட். அதனால் முதலில் ஓபி ஃபிளஷ், அடுத்து ஃபிளஷ், இரண்டும் வேண்டும். அதைத் தாண்டினால் என்ஜின்எக்ஸ் எஃப்பிஎம்மிடமிருந்து வருவதைத் தன் பஃபரில் பிடித்து வைக்கும். பக்கத்தைச் சுருக்கி அனுப்பும் ஜிசிப் இருந்தால் அதுவும் சேர்த்து வைக்கும். கர்லும் தன் பங்குக்குத் தேக்கும், மைனஸ் பெரிய என் (-N) கொடுத்து ஓட்டுங்கள். அந்தக் குட்டி சர்வரில் சொட்டுச் சொட்டாக வந்து, என்ஜின்எக்ஸ் வழியாக மொத்தமாக வந்தால், அந்தப் பக்கத்தில் மட்டும் 'எக்ஸ் ஆக்செல் பஃபரிங்: நோ' என்ற ஹெடரை அனுப்புங்கள்.

கான்ஃபிக்கில் பஃபரிங்கை மொத்தமாக அணைத்துவிட வேண்டாம். மெதுவான போன் இணைப்பில் ஒருவர் பக்கத்தை வாங்கி முடிக்கும்வரை ஒரு எஃப்பிஎம் வொர்க்கர் அவருக்காகவே நிற்கும். அந்த மாதிரி ஐந்து பேர் சேர்ந்தால் உங்கள் சைட் நிஜமாகவே நின்றுபோகும். அந்த இரண்டு நேரங்களையும் எழுதிப் பார்த்து இங்கே போடுங்கள், நின்றது எங்கே என்று சொல்கிறேன்.