முன் சக்கர பிரேக் பேடை நானே மாற்றலாமா?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகர் ஒருவர் கேட்கிறார்: காருக்கு ஒன்பது வயது ஆகப்போகிறது, அடுத்த மாதம் வாகனப் பரிசோதனை. மெதுவாக பிரேக் பிடித்தால் முன்பக்கம் கீச்சென்று சத்தம். பேட் மட்டும் வாங்கி, புளோக் கார் நிறுத்துமிடத்திலேயே மாற்றிவிடலாமா?

மாற்றலாம், ஆனால் அங்கே வேண்டாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடம் வண்டி நிறுத்த மட்டுமே, பழுதுவேலைக்கு அல்ல. விதி ஒருபுறம் இருக்கட்டும், சரிவான தளத்தில் ஜாக் நழுவினால் கால் போகும், உயிரும் போகலாம். தரைவீட்டில் இருக்கும் உறவினர் வீட்டுச் சமதளச் சிமெண்டுத் தரை கிடைத்தால் செய்யுங்கள். இல்லையேல் பேடை வாங்கிக்கொண்டு கார் பட்டறைகள் இருக்கும் சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் போய், வெளியில் வாங்கிய பேடைப் போட்டுத் தருவீர்களா என்று கேளுங்கள்.

அந்தக் கீச்சுச் சத்தம் பெரும்பாலும் பேடிலுள்ள எச்சரிக்கைத் தகடு சக்கரத்தோடு சுழலும் டிஸ்கில் உரசுவதுதான். புதிய பேடில் உராய்வுப் பகுதி ஏறத்தாழ 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றவேண்டும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றாதீர்கள், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

வண்டியை ஜாக்கில் தூக்கியதும் ஜாக் ஸ்டாண்டில், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புத் தாங்கியில், இறக்குங்கள். வெறும் ஜாக்கை நம்பி வேலை செய்யவே கூடாது. பேடை டிஸ்கில் அழுத்தும் கேலிப்பரைக் கழற்றியதும் அதை பிரேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பிரேக் கிளீனர் போதும். சி-கிளாம்ப் (திருகு இறுக்கி) வைத்து, கேலிப்பருக்குள் இருந்து பேடைத் தள்ளும் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளும்போது தொட்டியில் பிரேக் ஆயில் உயரும். அது வழிந்தால் பெயிண்டைத் தின்றுவிடும், கண் வைத்திருங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது ஸ்லைடு பின்களைத்தான். கேலிப்பர் நகர்வதே அவற்றின்மேல். துடைத்து, பிரேக்குக்கு உரிய கிரீஸ் தடவி, கையால் தள்ளினால் வழுக்கிப் போகிறதா பாருங்கள். உள்பக்க பேட் வெளிப்பக்கத்தைவிட அதிகம் தேய்ந்திருந்தால் பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கக்கூடும். அப்போது வீட்டு வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

அடுத்ததை மறந்தால் வேறெதைச் சரியாகச் செய்தும் பயனில்லை. பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது, பெடல் அடிவரை இறங்கும். வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும்வரை மிதித்துக்கொண்டே இருங்கள். பிறகு பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். வீல் நட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள்.

புது பேட் டிஸ்கோடு படியவேண்டும். வாகனமில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, இடைவெளி விட்டு எட்டுப் பத்து முறை நிதானமாகக் குறையுங்கள். பரிசோதனைக்கு ஓரிரு வாரம் முன்பே வேலையை முடித்துவிட்டால் அதற்குள் நன்றாகப் படிந்துவிடும்.

பின்சக்கரத்தில் மின்சாரப் பார்க்கிங் பிரேக் இருந்தால் அதில் கை வைக்காதீர்கள். அதன் மோட்டாரைப் பின்வாங்க வைக்கப் பல கார்களில் தனிக் கருவி வேண்டும். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு ஆண்டு தாண்டியிருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் ஊரிலோ ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை.