வீட்டு சர்வருக்குள் யாரை விடலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை வைத்திருக்கிறேன். வெளியூரிலிருந்து தண்ணீர் மோட்டாரைப் போட, ரவுட்டரில் 8123 போர்ட்டை (இணையத்திலிருந்து அந்த மென்பொருளுக்குள் வரும் வாசலை) திறந்துவிட்டேன். பாஸ்வேர்டு நீளமானதுதான். போதாதா?

பதில்: போதாது. இன்றைக்கே அந்த போர்ட்டை மூடிவிடுங்கள். மென்பொருளிலேயே ஓட்டை இருந்தால் பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தும் பயனில்லை. 2023 மார்ச்சில் ஹோம் அசிஸ்டன்டை நிர்வகிக்கும் சூப்பர்வைசர் பகுதியில் அப்படி ஒன்று வெளிப்பட்டது. லாகின் செய்யாமலேயே உள்ளே நுழைய முடிந்தது. ஆபத்து அளவு 10க்கு 10. திருத்தம் உடனே வந்தது, ஆனால் அந்த ஓட்டை 2017 முதலே இருந்திருக்கிறது. போர்ட்டையோ வேறு எந்த வெளிவழியையோ திறக்காதவர்களுக்கு இணையத்திலிருந்து நேரடி ஆபத்து வர வழி இருக்கவில்லை. இன்னொன்று, எச்டிடிபிஎஸ் (மறையாக்கிய இணைப்பு) போடாமல் 8123ஐத் திறந்தால் பாஸ்வேர்டு மறையாக்கம் இல்லாமலேயே இணையத்தில் போகும்.

இதற்கு மாற்று வயர்கார்ட் விபிஎன், அதாவது வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் மறையாக்கிய தனி வழி. அதற்கும் ஒரு யுடிபி போர்ட் (வழக்கமாக 51820) திறக்க வேண்டும்தான். ஆனால் சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் அது பதிலே சொல்லாது. போர்ட்களைத் துழாவுகிறவர்களுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. ஒவ்வொரு போனுக்கும் தனிச் சாவி கொடுங்கள். போன் தொலைந்தால் அந்தச் சாவியை மட்டும் நீக்கினால் சரி.

கேள்வி: என் ரவுட்டருக்கு வந்திருக்கும் முகவரி 100.72 என்று தொடங்குகிறது. விபிஎன் வேலை செய்யவில்லை.

பதில்: 100.64 முதல் 100.127 வரை இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. வெளியிலிருந்து ஐபிவி4 (பழைய முகவரி முறை) வழியே நேராக உங்கள் ரவுட்டரை எட்ட முடியாது. போர்ட் திறக்காமலே இயங்கும் டெயில்ஸ்கேல் விபிஎன் போடுங்கள், அல்லது கட்டணம் கட்டத் தயாரென்றால் நபு காசா நிறுவனத்தின் ஹோம் அசிஸ்டன்ட் கிளவுட் சேவை. அதற்காக, வெளியிலிருந்து யாரும் வர முடியாது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஐபிவி6 (புதிய முகவரி முறை) இருந்தால் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கும். ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால், உள்ளே வரும் இணைப்புகளைத் தடுக்கிறதா என்று பாருங்கள். பலர் பார்க்காமல் விடும் இடம் இது.

கேள்வி: மலிவு கேமராக்களை கெஸ்ட் வைஃபைக்கு மாற்றினேன். இப்போது சர்வருக்கே அவை தெரியவில்லை.

பதில்: மாற்றியது நல்ல காரியம். 2016இல் மிராய் என்ற தீம்பொருள் பரவியது, தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டு மாறாமல் கிடந்த கேமராக்களிலும் ரவுட்டர்களிலும்தான். ஆனால் கெஸ்ட் வைஃபை இரண்டு பக்கமும் அடைத்துவிடுகிறது. விலான் (ஒரே ரவுட்டரில் பிரித்த தனி நெட்வொர்க்) வசதியுள்ள ரவுட்டர் என்றால் கேமராக்களுக்குத் தனி விலான் அமைத்து, சர்வர் அவற்றை அழைக்கலாம், அவை தாமாக சர்வரையோ இணையத்தையோ அழைக்கக் கூடாது என்று விதி எழுதுங்கள். கருவிகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் எம்டிஎன்எஸ் முறை, விலான் தாண்டாது. ஆகவே ரவுட்டரில் ஒவ்வொரு கேமராவுக்கும் நிலையான முகவரி ஒதுக்கி, அதை ஹோம் அசிஸ்டன்டில் கையால் கொடுங்கள்.

கேள்வி: ஸ்விட்சுகளுக்கும் ஹோம் அசிஸ்டன்டுக்கும் இடையே செய்தி கடத்தும் மஸ்கிட்டோ மென்பொருளை 2.0க்கு மாற்றியதும் ஸ்விட்சுகள் எதுவும் இணையவில்லை. பெயரில்லாமல் நுழைய அனுமதி கொடுத்தால் சரியாகும் என்கிறார்கள்.

பதில்: வேண்டாம். பெயரில்லாமல் யாரும் நுழையக் கூடாது என்று வேண்டுமென்றேதான் 2.0 அப்படி மாற்றப்பட்டது. மஸ்கிட்டோவின் அமைப்பு ஃபைலில் 1883 போர்ட்டுக்கு ஒரு லிசனர் (இணைப்புகளை ஏற்கும்) வரி எழுதி, பாஸ்வேர்டு ஃபைல் வைத்து, கருவிக்கொரு பயனர் உருவாக்குங்கள்.

கேள்வி: சுவரில் மாட்டிய டேப்லெட்டுக்கு என் கணக்கையே கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அட்மின் அல்லாத தனிக் கணக்கு போட்டு, வீட்டு நெட்வொர்க்கில் மட்டும் லாகின் செய்யும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் அந்தக் கணக்கால் எல்லாக் கருவிகளையும் இயக்க முடியும். எனவே வாசல் பூட்டை அந்த டேப்லெட் திரையில் வைக்காமல் இருப்பது மட்டும் போதாது. வெளியாள் கை படாத இடத்தில் டேப்லெட்டை மாட்டுங்கள்.