பின்னோக்கி ஓடிய நிலையம்

போன இதழில் ஒரு பதிலின் வாலில், "காலியாகக் கிடக்கும் சேனலைத் திருகி வைத்துக்கொண்டு, ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஏதாவது படம் வருமா என்று பல நாள் உட்கார்ந்திருக்கிறேன்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே இந்த முறை இன்வெர்ட்டர், ஆம்ப்ளிஃபையர் சந்தேகங்கள் காத்திருக்கட்டும். இந்த இதழ் முழுக்க தொலைதூர டி.வி.தான்.

டி.வி. அலை நேர்கோட்டில் போகும், கோபுரத்திலிருந்து நூறு கிலோமீட்டர் தாண்டினாலே படம் மங்கிவிடும் என்றுதான் படித்திருக்கிறேன். பூமியோ உருண்டை. பிறகு 2,000 கிலோமீட்டர் எப்படி ஐயா? – பொறியியல் மாணவர்

நீங்கள் படித்தது சரிதான் தம்பி. வருஷத்தில் பெரும்பாலான நாட்களுக்கு அதுதான் விதி. மிச்சம் இருக்கிற சில நாட்களுக்காகத்தான் நாங்கள் காத்துக்கிடந்தோம்.

தரையோரமாக நடக்கிற சமாசாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே போகப் போகக் காற்று குளிர வேண்டும். சில இரவுகளில் இது தலைகீழாகி, குளிர்ந்த காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று போர்வை மாதிரி படுத்துவிடும். அலை அந்த இடத்தில் கீழ்நோக்கி வளைந்து, குழாய்க்குள் போவதுபோல் போகும். நாங்கள் இதை 'ட்ரோபோ' என்போம். கடல்மேல் நன்றாக நடக்கும். படம் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். வெயில் ஏற ஏறக் கரைந்துவிடும்.

ஆனால் எனக்குப் பைத்தியம் பிடிக்கவைத்தது 'ஸ்போராடிக்-ஈ'தான். தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், எரிந்து போன விண்கற்களின் இரும்பு, மெக்னீசிய அணுக்கள் அயனிகளாக மிதக்கின்றன. அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் காற்று வீசும்போது, பூமியின் காந்தப்புலமும் சேர்ந்துகொண்டு, அயனிகளை மெல்லிய தகடு மாதிரி கூட்டிப் பெருக்கிவிடும். வழக்கமாக விண்வெளிக்குத் தப்பிப் போகிற 50 மெகாஹெர்ட்ஸ் அலை அந்தத் தகட்டில் பட்டுத் திரும்பி வருகிறது. வட அரைக்கோளத்தின் நடு அட்சரேகைகளில் மே முதல் ஆகஸ்ட் வரை இதற்குச் சீசன். டிசம்பரில் ஒரு குட்டிச் சீசன் உண்டு.

இதில் வேடிக்கை, 300 கிலோமீட்டரில் இருக்கிற நிலையம் வராது, 1,500 கிலோமீட்டரில் இருப்பது பளிச்சென்று வரும். கேரம் போர்டில் விளிம்பில் உரசிப் போகிற காய் மாதிரி, அலை சாய்வாகப் போய்த் தகட்டை உரசினால்தான் திரும்பும். செங்குத்தாகப் போனால் துளைத்துக்கொண்டு போய்விடும். அந்தச் சாய்வும் தகட்டின் உயரமும் சேர்ந்துதான் தூரத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரே துள்ளலில் ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர்தான் எல்லை. இரண்டு துள்ளல் அமைந்தால் 4,000 வரை போகும். அது எனக்கு அமைந்ததில்லை.

விண்கல் விழும்போது அதன் தடத்தில் பட்டு ஓரிரு விநாடி படம் மின்னி மறைவதும் உண்டு. ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் அதற்காகவே ராத்திரி விழிப்பவர்கள் இருந்தார்கள். சூரியப் புள்ளிகள் உச்சத்தில் இருக்கும் வருஷங்களில் இன்னும் உயரத்தில் உள்ள எஃப்-2 என்ற அயனி அடுக்கே டி.வி. அலையைத் திருப்பிவிடும். தூரம் பல ஆயிரம் கிலோமீட்டர். ஆனால் படம் தண்ணீரில் நனைந்த காகிதம் மாதிரி இழுபட்டிருக்கும்.

அப்பா காலத்துக் கறுப்பு-வெள்ளை செட் ஒன்று கிடக்கிறது. இதற்கெல்லாம் பெரிய ஆண்டெனாவும் பூஸ்டரும் வேண்டுமா? – எலக்ட்ரீஷியன் ஒருவர்

கிடக்கிறது என்கிறீர்களே, இந்த வேலைக்கு அதைவிட நல்ல செட் கிடையாது. பிற்காலத்து செட்கள் சிக்னல் பலவீனம் என்று தெரிந்த உடனே நீலத் திரையைப் போட்டு மூடிவிடும். தானாகத் தேடச் சொன்னால் மங்கலான நிலையத்தில் நிற்காமல் தாண்டிவிடும். கையால் திருகுகிற ட்யூனரும், புள்ளிகளை மறைக்காத திரையும்தான் நமக்கு வேண்டியவை.

ஸ்போராடிக்-ஈக்கு ஆண்டெனா பெரிய விஷயமே இல்லை. கணக்குப் போடுங்கள். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பல நாடுகள் பயன்படுத்திய இரண்டாம் சேனலின் படம் 48.25 மெகாஹெர்ட்ஸ். 300ஐ அதால் வகுத்தால் அலைநீளம் சுமார் 6.2 மீட்டர். அதில் பாதி எடுத்து ஐந்து சதவீதம் கழித்தால் 2.95 மீட்டர். இரண்டு முதல் நான்காம் சேனல் வரை எல்லாவற்றுக்கும் பொதுவாக வேண்டுமென்றால் 2.6 மீட்டர் போதும். அதாவது ஆளுக்கு 1.3 மீட்டரில் இரண்டு அலுமினியக் குழாய். நடுவில் சின்ன இடைவெளி விட்டுக் கிடைமட்டமாக மாட்டி, ஒயரை இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். என்னுடைய சிறந்த படங்களெல்லாம் இதில் வந்தவை.

பூஸ்டர் வேண்டாம். அது சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். உள்ளூர்க் கோபுரம் பக்கத்தில் இருந்தால் அதன் சிக்னலே பூஸ்டரைத் திணறடித்து, இல்லாத இடத்தில் எல்லாம் அதே படத்தைக் காட்டும்.

ஒன்று மட்டும். பின்மூடியைக் கழற்றாதீர்கள். எலக்ட்ரீஷியன் என்பதால்தான் தனியாகச் சொல்கிறேன். கறுப்பு-வெள்ளை செட்டிலும் பிக்சர் டியூபில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ஸ்விட்சை அணைத்த பிறகும் வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

மூடப்பட்ட ஒரு அமெரிக்க நிலையத்தின் படம் மூன்று வருஷம் கழித்து இங்கிலாந்தில் தெரிந்ததாமே? அலை எங்கோ சுற்றிக்கொண்டிருந்ததா? – வாசகி

இந்தக் கேள்வி வராத வருஷமே இல்லை. ஹூஸ்டனில் கே.எல்.இ.இ. என்று ஒரு நிலையம் இருந்தது உண்மை. 1949இல் ஆரம்பித்தது, 1950இல் கைமாறி, பெயர் கே.பி.ஆர்.சி. ஆனது. 1953இல் இங்கிலாந்தில் அதன் பழைய பெயர் திரையில் தெரிந்ததாகக் கதை கிளம்பியது. மோசடி என்று பிறகு தெரியவந்தது.

மோசடி என்று யாரும் சொல்லாவிட்டாலும் ஒரு மெக்கானிக்கால் அதைக் கண்டுபிடித்திருக்க முடியும். அப்போது இங்கிலாந்து செட் ஒரு படத்தை 405 வரியாக வரையும், விநாடிக்கு 25 படம். அமெரிக்கச் சிக்னல் 525 வரி, 30 படம். செட்டைத் திருத்தாமல் படம் நிற்கவே நிற்காது. தப்பித்தவறி நிற்கவைத்தாலும், இரண்டு நாட்டிலும் ஒளியை அலையில் ஏற்றும் முறை நேர்மாறு. வெளுப்பு கறுப்பாக, கறுப்பு வெளுப்பாக, நெகட்டிவ் மாதிரி தெரிந்திருக்கும். பெயரைப் படித்தேன் என்றவர் இந்த விவரத்தைச் சொன்னாரா?

மூன்று வருஷம் சுற்றியது என்றால், ஒன்றரை ஒளியாண்டு தூரம் போய், எதன் மேலோ மோதி, அதே தூரம் திரும்பி வர வேண்டும். சூரியனை விட்டால் மிக அருகில் உள்ள நட்சத்திரமே நாலு ஒளியாண்டுக்கு மேல். நடுவில் மோத அங்கே சுவர் எதுவும் இல்லை அம்மா.

நிலையத்தின் பெயர் திரையில் ஓடாதே. எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, பொழுதுபோக்கே அதுதான். படம் வருவது பாதி வேலை கூட இல்லை.

சினிமாவோ பாட்டோ வந்தால் எங்களுக்குச் சலிப்புதான். ஒரே படத்தை நாலு நாடு காட்டும். நாங்கள் தவம் கிடந்தது டெஸ்ட் கார்டுக்கும் கடிகாரத்துக்கும். நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் வட்டமும் கட்டங்களும் வண்ணப் பட்டைகளுமாக ஒரு படம் போடுவார்களே, அது. பிலிப்ஸின் பி.எம். 5544 என்ற வட்டம் போட்ட அட்டையைத்தான் உலகில் பல நிலையங்கள் வைத்திருந்தன. வட்டத்தின் மேல்பகுதியில் ஒரு கறுப்புப் பெட்டி, கீழ்ப்பகுதியில் ஒன்று. பெரும்பாலும் அதில்தான் நிலையத்தின் பெயர் இருக்கும். சிலர் மணியையும் ஓடவிடுவார்கள். அந்த மணிக்கும் நம் மணிக்கும் எத்தனை வித்தியாசம் என்று பார்த்தாலே, தேடவேண்டிய நாடுகள் பாதியாகக் குறைந்துவிடும்.

அதற்கும் முன்னால் திரை நடந்துகொள்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். முதலில் புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகச் சில கோடுகள் நெளியும். அப்புறம் ஏதோ ஒரு நிழல் மேலிருந்து கீழே உருளும். படம் உருளாமல் பிடித்துவைக்கும் வெர்டிக்கல் ஹோல்டு குமிழை மயிரிழை திருப்புவேன். லேசான திருப்பலில் நின்றுவிட்டால் 50 ஹெர்ட்ஸ் நாடு, அதாவது விநாடிக்கு 50 அரைப்படம் போடுகிற நாடு. கோடி வரை திருப்பியும் அடம் பிடித்தால் 60 ஹெர்ட்ஸாக இருக்கலாம். படம் நின்று ஒலி மட்டும் வராவிட்டால் அதுவும் ஒரு தடயம்தான். படத்துக்கும் ஒலிக்கும் இடையே சில நாடுகள் 5.5 மெகாஹெர்ட்ஸ் விட்டன, சில 6, சில 6.5. விரல் குமிழில் இருக்கும், கண் திரையில் இருக்கும், மறு கை குறிப்பேட்டைத் தேடும். அதற்குள் படம் போய்விடும்.

நான் அசடு வழிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் மத்தியானம் மூன்றாம் சேனலில் புரியாத மொழியில் ஒரு படம். கொஞ்சம் புள்ளி இருந்தாலும் அருமையாக நிற்கிறது. கைகால் ஓடவில்லை எனக்கு. ஆண்டெனாவைச் சுற்றிப் பார்த்தேன், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவில் வருகிறது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். குறிப்பேட்டில் மணியை எழுதி, நாட்டின் பெயரை ஊகித்து, பேனாவால், அதுவும் பெரிய எழுத்தில் எழுதிவிட்டேன். இருபது நிமிஷம் போயிருக்கும். கதாநாயகன் கதவைத் திறந்து வெளியே போனான். உடனே பின்பக்கமாகவே உள்ளே வந்தான். திரையில் குறுக்காகக் கோடு கோடாக ஓட, படம் முழுக்கப் பின்னோக்கிப் பறந்தது. உலகத்தில் எந்த நிலையமும் ரீவைண்ட் செய்து ஒளிபரப்பியதில்லை! பக்கத்து வீட்டு வீடியோ கேசட் டெக். அதன் வெளியீடு மூன்றாம் சேனல், ஒயர் மட்டமானது, கசிவு சுவரைத் தாண்டி என் ஆண்டெனாவுக்கு வந்திருக்கிறது. தூரம் பன்னிரண்டு மீட்டர்.

அந்த வரியை நான் அடிக்கவில்லை. பக்கத்தில் "டெக்" என்று மட்டும் எழுதிவைத்தேன். அன்றிலிருந்து நாட்டின் பெயரைப் பென்சிலால்தான் எழுதுவது.

இதனால் என்ன பயன்? – ஒரு டி.எக்ஸ். (தொலைதூர நிலையம் பிடிக்கும்) பிரியரின் மனைவி

ஒன்றும் இல்லை அம்மா. உங்கள் வீட்டுக்காரரும் இதையேதான் சொல்வார், தைரியம் இருந்தால்.

ஆனால் ஒரு தகவல். 1938 நவம்பரில் லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து பி.பி.சி. ஒளிபரப்பிய படம் நியூயார்க் அருகே, லாங் ஐலண்டில் தெரிந்தது. பார்த்தவர்கள் பொழுதுபோக்காளர்கள் அல்ல, ஆர்.சி.ஏ. நிறுவனத்துப் பொறியாளர்கள். திரைக்கு முன்னால் சினிமா கேமராவை வைத்துச் சுமார் நாலு நிமிஷம் பிடித்துவைத்தார்கள். ஒலி கிடையாது. முகங்கள் நெளிகின்றன. போருக்கு முந்தைய பி.பி.சி.யின் நேரடி ஒளிபரப்பில் இன்று மிஞ்சியிருப்பதாக அறியப்படுவது அந்தப் பதிவு ஒன்றுதான். லண்டனில் யாரும் எடுத்துவைக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் தற்செயலாக வந்து விழுந்ததுதான் தங்கியது.

அனலாகை எல்லா நாடும் மூடிவிட்டதே. இனி இது செத்த பொழுதுபோக்குதானா? – இளைஞர்

பெரும்பாலான நாடுகள் மூடிவிட்டன. நெதர்லாந்து 2006 டிசம்பரில், அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12இல், ஜப்பானின் பெரும்பகுதி 2011 ஜூலையில், பிரிட்டன் 2012 அக்டோபரில். டிஜிட்டலுக்கு மாறியவர்களில் பலர் யு.எச்.எஃபுக்கு, அதாவது 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, போய்விட்டார்கள். ஸ்போராடிக்-ஈ அந்த அதிர்வெண்ணுக்கு எட்டாது. ட்ரோபோ எட்டும், அதனால் டிஜிட்டலிலும் தொலைதூரம் பிடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. வந்தால் கண்ணாடி மாதிரி வருகிறது, இல்லையேல் கட்டம் கட்டமாக உடைந்து இருட்டாகிறது. நிலையமே தன் பெயரையும் எழுதிக் காட்டிவிடுகிறது. துப்பறிய என்ன மிச்சம்?

உங்கள் வயதுக்கு நான் சொல்வது எஃப்.எம். ஸ்போராடிக்-ஈ பலமாக இருக்கும் நாளில் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறிவிடும். காலியான இடத்தில் ரேடியோவை வைத்துவிட்டுக் காத்திருங்கள். வெறும் இரைச்சலுக்கு நடுவில் திடீரென்று அந்நிய மொழி உள்ளூர் நிலையம் மாதிரி முழங்கும். கணினியில் செருகி மென்பொருளால் இயக்கும் எஸ்.டி.ஆர். ரேடியோக் குச்சி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது, அலைவரிசைகளைப் படமாகவே பார்க்கலாம். அந்தக் குச்சி முதலில் டிஜிட்டல் டி.வி. பார்க்கத்தான் விற்பனைக்கு வந்தது. 2012 வாக்கில்தான் அதைப் பொது ரேடியோவாக்கும் வித்தை பரவியது. அனலாகைக் கொன்றவன் வீட்டுப் பிள்ளை எங்களுக்கு வேலை செய்கிறான்!

இறந்துபோன என் அப்பாவின் பெட்டியில் டி.வி. திரையைப் படம் எடுத்த புகைப்படங்கள் இருந்தன. ஒன்றின் நகலை அனுப்பியிருக்கிறேன். வட்டம் தெரிகிறது, குறுக்கே ஒரு கறுப்புப் பட்டையும் இருக்கிறது. பின்புறம் "14 ஜூன், 17.40, சே. 2, 4 நி. ?" என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். இது எந்த நாடு? – மகள்

படத்தை லென்ஸ் வைத்து ரொம்ப நேரம் பார்த்தேன் அம்மா.

கறுப்புப் பட்டை நிலையத்தின் கோளாறு இல்லை, கேமராவுடையது. ஒரு முழுப் படத்தைத் திரை வரைந்து முடிக்க விநாடியில் 25இல் ஒரு பங்கு ஆகும். ஷட்டரை அதைவிட வேகமாக வைத்தால், வரைந்து முடிக்காத பகுதி கறுப்பாக நின்றுவிடும். அப்பா 1/60இல் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். நாலே நிமிஷம்தான் படம் நின்றிருக்கிறது, மாற்றுவதற்கு மறந்திருப்பார். நான் எடுத்த முதல் பத்துப் படமும் இப்படித்தான்.

வட்டம் பி.எம். 5544. வலப்பக்கம் அதன் விளிம்பை ஒட்டி இன்னொரு மெல்லிய விளிம்பு தெரிகிறதே, அது இரண்டு வழியாக வந்த அலை. தேதி ஜூன், நின்றது நாலு நிமிஷம், சேனல் இரண்டு. ஸ்போராடிக்-ஈ என்று தைரியமாகச் சொல்வேன். அப்படியானால் நிலையம் பெரும்பாலும் 800 முதல் 2,200 கிலோமீட்டருக்குள்.

பெயர் இருக்க வேண்டிய மேல்பெட்டிமேல்தான் அந்தக் கறுப்புப் பட்டை சரியாக விழுந்திருக்கிறது. கீழ்ப்பெட்டியில் ஏதோ மூன்று எழுத்து மாதிரி இருக்கிறது. நடு எழுத்து 'டி'யாக இருக்கலாம், 'ஆர்' ஆகவும் இருக்கலாம். பெட்டியில் குறிப்பேடு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஜூன் 14க்கு முன்பின் இரண்டு நாட்களில் எந்தெந்த நிலையம் வந்ததாக எழுதியிருக்கிறார் என்று பார்த்து அனுப்புங்கள். ஸ்போராடிக்-ஈ ஒரே திசையில் அடுத்தடுத்த நாள் திறப்பது உண்டு. மணியை உள்ளூர் நேரத்தில் எழுதுவாரா, உலக நேரத்தில் எழுதுவாரா என்பதும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருக்கும். அதுவரை அவர் போட்ட கேள்விக்குறி அப்படியே இருக்கட்டும்.