பூனையிடமிருந்து குஞ்சுகளைக் காப்பது: கேள்வி பதில்

திண்டுக்கல் பக்கம் இருபது ஆண்டுகளாகச் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பூனைக்குக் குஞ்சுகளைப் பறிகொடுத்த கணக்கு என்னிடமும் உண்டு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், பதில்களை அல்ல.

மேலூர்: மூன்று இரவுகளில் ஏழு குஞ்சுகள் போய்விட்டன. பக்கத்து வீட்டுப் பூனைதான். கண்ணால் பார்க்கவில்லை, ஆனாலும் தெரியும். நேற்று அவர்களோடு வாய்ச்சண்டையும் ஆகிவிட்டது. என்ன செய்யலாம் ஐயா?

பார்க்கவில்லை என்றால் தெரியாது தம்பி. முதலில் திருடன் யாரென்று கண்டுபிடியுங்கள்.

பூனை ஒரு நேரத்தில் ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடும். நாலு இறகு கிடந்தால் அதிகம். கூட்டுக்குள் ஐந்தாறு செத்துக் கிடந்து, கழுத்தில் மட்டும் கடி இருந்தால் கீரியை நினையுங்கள். ஆனால் கீரி பகல் வேட்டைக்காரன். குஞ்சின் கால் மட்டும் கம்பி ஓரத்தில் பிய்ந்து கிடந்தால் அது பெருச்சாளி. முட்டையும் குஞ்சும் சுவடே இல்லாமல் குறைந்தால் பாம்பு. கூண்டையே பிய்த்துப் போட்டிருந்தால் நாய். பகலில் முற்றத்திலேயே காணாமல் போனால் தலையைத் தூக்கிக் காகத்தையும் பருந்தையும் பாருங்கள்.

இன்றிரவு கூட்டைச் சுற்றிச் சலித்த சாம்பலை மெல்லிசாகத் தூவிவையுங்கள். பூனையின் அடி வட்டமாக இருக்கும். நான்கு விரல், நகம் பதியாது. நடக்கும்போது அது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐந்து விரலும் நகமும் தெரிந்தால் ஆள் வேறு.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நானும் ஒரு முறை பக்கத்து வீட்டுப் பூனையின் மேல் பழி போட்டேன். வைக்கோல் போரின் அடியில் பெருச்சாளி வளையைத் தோண்டியபோது என் குஞ்சுகளின் கால்கள் கிடைத்தன. அந்த வீட்டு ஆச்சி அதன் பிறகு ஒரு வருடம் என்னோடு பேசவில்லை.

திருச்சி, மாடியில் வளர்ப்பவர்: ஆறடி உயரத்துக்குக் கோழிவலை கட்டியிருக்கிறேன். போதுமா?

போதாது. ஐந்தடியை நின்ற இடத்திலிருந்தே தாவும் பிராணிக்கு ஆறடி ஒரு பொருட்டா? வலையைப் பிடித்து ஏறிவிடும். மேலேயும் மூட வேண்டும். அறுகோணக் கண் உள்ள கோழிவலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான். உள்ளே வருகிறவனைத் தடுக்க அல்ல. ஒரு அங்குலக் கண்ணுக்குள் பூனையின் கை தாராளமாக நுழையும். கம்பியை ஒட்டித் தூங்கும் குஞ்சை இழுத்தே கொன்றுவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ், அதாவது பற்றவைத்த கம்பிவலை வாங்குங்கள். பணம் குறைவென்றால் கீழிருந்து இரண்டடிக்காவது அதைப் போடுங்கள். கதவுக்கு வெறும் கொக்கி வேண்டாம், தாழ்ப்பாள் போடுங்கள்.

விருதுநகர்: குஞ்சுகளைப் பஞ்சாரத்தில், அதாவது மூங்கில் கூடையில்தான் கவிழ்க்கிறோம். இரவில் பூனை அதை நகர்த்திவிடுகிறது.

மேலே அம்மிக்கல் வையுங்கள் அம்மா. சுற்றிலும் ஈரச்சாக்கு வேண்டாம், உலர்ந்த சாக்கைச் சுற்றுங்கள். மூங்கில் இடுக்கில் கை விட முடியாது. காற்றுக்கு மேல்பக்கம் திறந்திருக்கட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், விளக்கு வைக்கும் முன் கவிழ்த்துவிடுங்கள். பூனைக்கு அந்தி அரை மணி நேரம்தான் சந்தை நேரம். நாம் டீ குடிப்பதும் அப்போதுதான்.

கரூர்: நாப்தலின் உருண்டை போட்டால் வராதாமே?

கோழி கொத்தினால் கோழிக்கும் விஷம். வேண்டாம்.

தேனி: மிளகாய்த்தூள்?

முதல் தூறலில் போய்விடும். அதுவரை உங்கள் கோழிதான் தும்மும்.

ஓசூர்: ஆரஞ்சுத் தோல் தூவலாமா?

தூவுவதைப் பற்றி இனி யாரும் கேட்காதீர்கள். தூவ வேண்டியது சாம்பல் மட்டும், அதுவும் அடி பார்க்க. தோலைக் கண்டு திரும்பிப் போகும் பூனை பசியில்லாத பூனை.

பெயர் வேண்டாம் என்றவர்: கருவாட்டில் வயலுக்குப் போடும் குருணைப் பூச்சிமருந்து கலந்து வைத்தால் ஒரே இரவில் முடிந்துவிடும் என்கிறார்கள்.

முடியும். தெருநாய், காகம், மயில், கடைசியில் அந்தக் கருவாட்டைக் கிளறும் உங்கள் கோழி, எல்லாம் முடியும். தவழும் குழந்தை உள்ள தெருவில் இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. சட்டமும் சும்மா விடாது: மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இலிருந்தே இருக்கிறது; இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவில் பிராணியை விஷம் வைத்துக் கொன்றால் ஐந்து ஆண்டு வரை சிறை. இந்தக் கேள்விக்கு வேறு பதில் என்னிடம் கிடையாது.

சேலம்: சாக்கில் பிடித்து ஆற்றுக்கு அப்பால் விட்டுவிட்டால்?

பத்து நாளில் அந்த இடத்துக்கு வேறு பூனை வரும். உங்கள் வீட்டில் எலி இருக்கிறது, தீவன மூட்டை திறந்து கிடக்கிறது, மீன் கழுவிய தண்ணீர் கொல்லையில் ஓடுகிறது. வராமல் என்ன செய்யும்? தீவனத்தை மூடியுள்ள டின்னில் போடுங்கள். இன்னொன்று, செத்த குஞ்சைக் குப்பையில் எறியாதீர்கள். பூனைக்கு ருசி காட்டுவதே நாம்தான். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

பொள்ளாச்சி: எல்லாரும் பூனையை விரட்டுவதையே பேசுகிறீர்கள். எங்கள் திண்ணையில் பூனையும் கோழியும் ஒன்றாகத்தான் படுக்கின்றன. குட்டியிலிருந்தே சேர்த்து வளர்த்தால் தொடாது. வெளிப்பூனையையும் அதுவே துரத்துகிறது.

ஆத்தூர் (குறுக்கிட்டு): நம்பாதீர்கள். இன்று தொடாது, நாளை தொடும்.

பொள்ளாச்சி: ஆறு வருடமாகத் தொடவில்லை!

இருவரும் சற்று நில்லுங்கள். பொள்ளாச்சிக்காரரே, உங்கள் குஞ்சுகள் தாயோடு திரிகின்றனவா, இன்குபேட்டரில் பொரித்தவையா?

பொள்ளாச்சி: தாய்க்கோழிதான் அடைகாக்கிறது.

அப்படியானால் உங்கள் பூனை குஞ்சை மதிக்கவில்லை, தாயை மதிக்கிறது. சிறுவிடைத் தாய் இறக்கையை விரித்துக்கொண்டு பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். குட்டியாக இருந்தபோது மூக்கில் இரண்டு கொத்து வாங்கிய பூனை அதை மறப்பதில்லை. வெளிப்பூனையைத் துரத்தும் என்பதும் பாதி உண்மைதான்; தன் எல்லையைக் காக்கும். ஆனால் இணை தேடும் பருவத்தில் கடுவன்கள் கூட்டமாக வரும்போது உங்கள் பூனையால் ஆகாது. கருத்தடை செய்துவிட்டால் நல்லது.

நானும் உங்களைப் போலவே நம்பினேன். எங்கள் பூனை இரண்டு வருடம் கோழிகளிடையே உலவியது. பிறகு இன்குபேட்டர் குஞ்சுகளைப் பல்பு வெளிச்சத்தில் அட்டைப்பெட்டியில் விட்டேன். ஒன்பது போயின. கத்தும் குஞ்சு, காவலுக்குத் தாய் இல்லை, கதகதப்பான பெட்டி. பூனைக்கு அது விருந்து.

ஆத்தூர்: அதைத்தானே நானும் சொன்னேன்!

இல்லை, நீங்கள் பூனைச் சாதியையே சொன்னீர்கள். நான் தாயில்லாக் குஞ்சைச் சொல்கிறேன். அவற்றுக்கு எட்டு வாரம் வரை நாலு பக்கமும் மேலும் கம்பி வேண்டும். வளர்ந்த கோழியைத் தெருப்பூனை தொடுவது அபூர்வம். பெரிய கோழி போனால் வேறு திருடனைத் தேடுங்கள்.

நாமக்கல்: வெள்ளைக்கழிச்சலுக்கு என்ன மருந்து?

கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். இங்கே பூனை மட்டும்.

கோவில்பட்டி: பூனைக்கு என்ன தூவலாம்?

ஓசூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மேலூர் (ஞாயிறு காலை): சாம்பல் தூவினேன் ஐயா. ஐந்து விரல், நகமும் பதிந்திருக்கிறது. அளவு பூனை அடி போலத்தான். கூட்டின் கதவு பூட்டியபடியே இருக்கிறது. கொட்டகை ஓட்டில் இரண்டு விலகியிருக்கின்றன.

மரநாய். நாய் அல்ல, பூனை அளவில் இரவில் மரமேறித் திரியும் காட்டுப் பிராணி. கூரை வழியாக இறங்குகிறது. அதைப் பிடிக்கவோ அடிக்கவோ வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது வருகிறது. ஓட்டைச் சரிசெய்து அடியில் கம்பிவலை அடியுங்கள். கூரையை ஒட்டியிருக்கும் மரக்கிளையை வெட்டுங்கள். இன்று மாலையே செய்துவிடுங்கள், அது இன்றும் வரும். பக்கத்து வீட்டுக்கு எப்போது போவது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் போனபோது ஒரு டஜன் முட்டை கொண்டுபோனேன், வாங்கிக்கொள்ளவில்லை.