ஹரால்ட் வார்மஸ் நோபல் வாங்கிய ஆய்வாளரா, அரசு நிர்வாகியா?

இரண்டும்தான். ஆனால் அவர் தொடங்கிய இடம் ஆங்கில இலக்கியம். ஹார்வர்டில் அதில் முதுகலை முடித்த பிறகுதான் மருத்துவத்துக்கு வந்தார்.

சான்பிரான்சிஸ்கோவில் மைக்கேல் பிஷப்புடன் சேர்ந்து, கோழிக்குப் புற்றுநோய் வரவைக்கும் ரவுஸ் வைரஸை ஆராய்ந்தார். புற்றை உண்டாக்கும் அதன் 'சார்க்' மரபணு வைரஸின் சொந்தச் சொத்தே இல்லை, நோயில்லாத பறவைகளின் செல்களிலும் அது இருக்கிறது என்று 1976-இல் காட்டினார்கள். அதாவது, புற்றுநோயின் விதை வெளியிலிருந்து வந்தாக வேண்டியதில்லை. செல் வளர்ச்சிக்குத் தேவையான நம் மரபணுவே பழுதானால் போதும். இன்று குறிப்பிட்ட மரபணுப் பிழையைக் குறிவைக்கும் மருந்துகளுக்கு இந்தப் பார்வைதான் அடித்தளம். 1989-இல் இருவருக்கும் நோபல்.

அப்புறம் 1993-இல் அதிபர் கிளின்டன் அவரை அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் இயக்குநராக்கினார். அந்தப் பதவிக்கு வந்த முதல் நோபலாளர் அவர். ஆய்வு நிதியைப் பெருக்கினார் என்பதைத்தான் பலரும் சொல்வார்கள். எனக்கென்னவோ, மருத்துவக் கட்டுரைகளை யாரும் இலவசமாகப் படிக்கும்படி 2000-இல் வந்த பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் காப்பகத்துக்கு அவர் போட்ட வித்துதான் பெரிது. பதிப்பகங்கள் சும்மா விடவில்லை, கடுமையாக எதிர்த்தன. பின்னர் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனைத் தலைவர். 2010 முதல் 2015 வரை தேசியப் புற்றுநோய் நிறுவன இயக்குநர்.