வாசகர் கேள்வி: சாவு வீட்டில் சிரிப்பு

கேள்வி: ‘டெத் அட் எ ஃபியூனரல்’ என்ற ஆங்கிலப் படத்தைப் பரிந்துரைத்திருந்தீர்கள். இழவு வீட்டை வைத்துக் கேலி செய்வது முறையா? அதன் அமெரிக்க மறு ஆக்கத்தையும் பார்க்கலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஃபிராங்க் ஆஸ் இயக்கி 2007-இல் வெளிவந்த அந்தப் படம் இறந்தவரைக் கேலி செய்யவில்லை, கூடியிருக்கும் உறவினர்களைத்தான் செய்கிறது. தொடக்கத்திலேயே வீட்டுக்கு வந்து சேரும் சவப்பெட்டியைத் திறந்தால், உள்ளே கிடப்பவர் வேறு யாரோ! அதைவிடக் கூர்மையானது அண்ணன் தம்பி கணக்கு: நியூயார்க்கிலிருந்து விமானத்தில் முதல் வகுப்பில் வந்திறங்கும் எழுத்தாளர் மகன், அப்பாவின் இறுதிச் சடங்குச் செலவில் தன் பங்கைக் கேட்டதும் கையை விரிக்கிறான். இந்தக் காட்சிக்கு நம் ஊரிலும் விளக்கம் தேவைப்படாது. அமைதி மாத்திரை என்று நம்பிப் போதை மாத்திரையை விழுங்கிவிட்ட, உறவுக்காரப் பெண்ணின் வருங்காலக் கணவன், பெட்டி அசைகிறது என்று இறுதிச் சடங்குக்கு நடுவே கூச்சலிட்டு அதைக் கவிழ்த்தே விடுகிறான். இன்னொரு பக்கம், அப்பாவின் ரகசியக் காதலர் புகைப்படங்களைக் காட்டி 15,000 பவுண்டு கேட்டு மிரட்டுகிறார். முதியவரைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லும் காட்சி மட்டும் எனக்கு அருவருப்பாகவே இருந்தது.

2010-இல் வந்த அமெரிக்க வடிவத்திலும் மிரட்டுபவராக நடித்தவர் அதே பீட்டர் டிங்க்லேஜ்தான். ஆங்கிலேயர்கள் மானத்துக்கு அஞ்சி அடக்கி வாசிப்பதில் பிறக்கும் சிரிப்பு, எல்லோரும் உரக்கப் பேசும் இந்த வடிவத்தில் குறைந்துவிடுகிறது. நேரமிருந்தால் பாருங்கள்.